சான்றுப் பொருள் ஏழு

"இந்தக் காந்தம் யாருடையது?"
என்னுடையது.

பிளாஸ்டிக் உறைக்குள் நஸாரே கடற்கரை,
ஒரு நீல அலை, மூக்குடைந்த சிவப்புப் படகு.
விலை இரண்டு யூரோ.

தக்கை அரைக்கிற இயந்திரம்
கதவு திறந்திருந்தால் ஓடாது.
உணரிமேல் காந்தத்தை ஒட்டிவிட்டால்
மூடியிருப்பதாக நம்பிவிடும்.
அது ஏமாறினால்
ஷிஃப்டுக்கு நாற்பது நிமிடம் மிச்சம்.

"யார் வீட்டிலாவது காந்தம் இருக்கா?"
மேலாளர் தெலெஷ் கேட்டார்.
உத்தரவு இல்லை, வெறும் கேள்வி:
அவருடைய வக்கீல் மூன்று தடவை சொன்னார்.
மறுநாள் டிபன் பையில் கொண்டுபோனேன்.
அலையைப் பார்த்து
"வேலை நேரத்தில் கடற்கரையா?" என்று சிரித்தது
அதேரித்துதான்.
பதினோரு மாதம் கழித்து
அடைப்பெடுக்கக் குனிந்ததும் அவன்தான்.

குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவனம் எழுந்து நிற்கட்டும் என்றார்கள்.
அதற்குக் கால் இல்லை.
சாம்பல் நிறக் கோட்டு ஒன்று எழுந்து நின்றது.

தெலெஷுக்கு இரண்டு வருஷம்,
சிறைக்குப் போகத் தேவையில்லாத இரண்டு வருஷம்.
கம்பெனிக்கு அபராதம், தவணை முறையில்.
எனக்கு
"சாட்சி போகலாம்."

போகலாம்தான்.

நடைவழியில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில்
தெயோலிந்தா நின்றிருந்தாள்,
அவன் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு,
கை நீளத்தை இரண்டு மடிப்பு மடித்து.
திட்டுவாள் என்று நின்றேன்.

"உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்
அது எதைப் பிடித்துக்கொண்டிருந்தது?"

கரண்ட் பில், என்றேன்.

கோப்பை நிரம்புகிறவரை பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"கட்டியாயிற்றா?"