ஐந்தாமவள்

புத்தியோலித் துறையில்
மீன்சந்தைச் சுவர் முழுக்க
அப்பா எழுதிய நாட்காட்டி.
மார்ச்சில் தொடங்கி விரல் மடக்கினால்
ஐந்தாம் விரலில் வந்து நிற்கும்
குவின்டிலிஸ்.
ஐந்தாவது என்று அர்த்தம்,
அதற்குமேல் ஒன்றுமில்லை.
அந்த வெயிலுக்கு அது போதும்.

ரோமிலிருந்து ஓலையோடு ஒருவன் வந்தான்.
இனி அது யூலியஸ்.
அப்பா சாரத்தில் ஏறிச் சுரண்டினார்.
செங்காவி உதிர்ந்து
கீழே கிடந்த நெத்திலியெல்லாம் சிவந்தது.

யூலியஸ் எங்கள் வீட்டிலும் உண்டு.
அப்பாவை விலைக்கு வாங்கியவர்களின் பெயர்.
விடுதலை தந்த அன்று
கூடவே போர்த்திவிட்டார்கள்,
தோளுக்குப் பொருந்தாத
பழைய மேலங்கியைப் போல.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?
ஆதியில் ஒரு பையன்,
அவன் தாடையில் அரும்பிய பூனைமுடி,
அதுவே குலப்பெயர் என்பார்கள்.
இல்லையில்லை, வானத்துத் தேவன் வழி என்பார்கள்
மூன்றாம் கிண்ணத்துக்குப் பிறகு.
அப்பாவின் தாடையில் சூடு போட்ட தழும்பு.
அந்த இடத்தில் மட்டும்
முடி முளைப்பதில்லை.

மேல்மாடி வீபியா, கருவாட்டுக்காரி,
வாடகைக்கு வந்தவனை மறித்தாள்.
"குவின்டிலிஸ் முதல் தேதி என்றுதானே பேச்சு?
எங்கே, அந்த மாதத்தைச் சுவரில் காட்டு!"
அவன் பார்த்தான்.
தலையைச் சொறிந்தான்.
சந்தையே சிரித்தது.
சாயங்காலம் அவள் பாயும் பானையும்
தெருவில் கிடந்தன.

வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள்.
ஐவருக்கும் ஒரே பெயர், யூலியா.
அம்மா ஒரு குரல் கொடுத்தால்
ஐந்து தலை திரும்பும்.
அதனால் எண்.
நான் குவின்டா.

மாதம் தன் எண்ணைக் கழற்றி எறிந்துவிட்டு
என் பெயரை உடுத்திக்கொண்டு போகிறது.
கடிதங்களில், கடன் பத்திரங்களில்,
கப்பல்காரர்கள் வாயில்.
பிறந்த நாள் முதல் எனக்கும் அதே பெயர்தான்.
ஒருவரும் அதைச் சொல்லி என்னை அழைத்ததில்லை.

மழை பிடித்தால் சுண்ணாம்பு ஊறும்.
யூலியஸுக்கு அடியிலிருந்து
வளைந்த வாலோடு
பழைய முதலெழுத்து எட்டிப் பார்க்கும்.
அப்பா தூரிகை தேடுவார்.

நான் கூடையை இறக்கி வைக்கிறேன்.
இருங்கள் அப்பா,
காய்ந்தால் தானே போய்விடும்.