பார்வைக்கோழி

கார்வினின் சாக்கில் மூன்று பார்வைக்கோழிகள்.
இரண்டு பெட்டை, ஒரு விடலைச் சேவல்.
மடித்தால் சட்டை. உதறினால் உடம்பு.
கம்பியில் செருகி மண்ணில் ஊன்றினால்
காற்றுக்குத் தலையாட்டும்,
யார் எது சொன்னாலும் ஆமாம் என்கிறவர் போல.

வேண்டாம் என்றேன்.
பதினோரு வசந்தமாய் இதே சண்டை,
இதே ஓக் மரத்தடி, இதே ஃபிளாஸ்க் காப்பி.
அவன் என் கொழுந்தன்.
கணவன் விவாகரத்தோடு டல்சாவுக்குப் போய்விட்டான்.
தம்பியைத் திருப்பிக் கேட்க
வக்கீல்களுக்குத் தோன்றவில்லை.

"நீ பெட்டியை உரசிப் பெட்டைக்குரல் எழுப்புகிறாயே,
அது மட்டும் சத்தியமா, வெல்டா?"

பதில் இல்லை என்னிடம்.
சிடார் மரப்பெட்டி, சாக்கட்டி தடவிய மூடி.
என் பொய்யும் கடையில் வாங்கியதுதான்.
அவன் பொய்க்கு உருவம் உண்டு, என்னுடையதற்கு இல்லை.
அவ்வளவே வித்தியாசம் என்றிருந்தேன்.

காசு சுண்டினோம். சனிக்கிழமை அவனுக்கு.

ஓசார்க் மலைச்சரிவு இருட்டில் ஊறிக் கிடந்தது.
இருபது கஜத்தில், புல் மேய்ச்சலில், மூன்றையும் நட்டான்.
வானம் வெளுக்கையில்
மேட்டுக் கிளையிலிருந்து ஒரு முழக்கம்.
பெட்டியை உரசினேன்.
முழக்கம் தரைக்கு இறங்கியது.

வேலியோரம் வந்து நின்றது சேவல்.
வால் விரிந்தது. சிறகு நுனி மண்ணில் கோடு கிழித்தது.
தலை வெளுத்து, நீலம் பாரித்து, சிவந்தது.
அறுபது கஜம்.
அதற்கு மேல் ஓரடி வரவில்லை.

நாற்பது நிமிடம்.
என் இடது கால் மரத்துப்போனது,
காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி ஊர்ந்தது.
பிறகுதான் எனக்கு உறைத்தது:
அவற்றின் வழக்கப்படி பெட்டைதான் நடந்து வரவேண்டும்.
சேவல் தன்னைக் காட்டும், நிற்கும்,
அதன் வேலை முடிந்தது.
இங்கே கண்ணெதிரே ஒருத்தி
பார்த்துக்கொண்டே இருக்கிறாள், வரமாட்டேன் என்கிறாள்.
வருவதற்கு அவளிடம் கால்கள் இல்லை,
ஒரு கம்பி.

காற்று விழுந்தது. தலையாட்டலும் நின்றது.
காட்டுக்குள்ளிருந்து நிஜப் பெட்டை ஒன்று
விறுவிறுவென்று வந்து
ரப்பர்க் கண்ணருகே ஒரு கொத்து கொத்திவிட்டு
சேவலைக் கூட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் போயிற்று.

கார்வின் தொப்பியைக் கழற்றினான்.
"கல்யாணத்துக்குச் சாட்சியாய் வந்திருக்கிறோம்" என்றான்.

ஞாயிறு என் முறை.
மேய்ச்சலில் எதுவும் இல்லை, பனி மட்டும்.
ஒரே ஒரு தடவை உரசிவிட்டுப் பெட்டியை மடியில் வைத்தேன்.

டாக்வுட் பூக்களுக்கு அடியில்
முதலில் ஒரு கழுத்து.
வால் விரிக்கவில்லை. யாருக்கு விரிப்பது?
குரலைத் தேடி வந்தது,
ஒவ்வொரு புதராய் எட்டிப் பார்த்து,
ஒரு கால் தூக்கி, யோசித்து, வைத்து.
முப்பது கஜம். பதினைந்து.
எட்டு.

குரல் இருந்த இடத்தில் நான் இருந்தேன்.

ரப்பர் நின்றிருந்தால் ரப்பரைப் பார்த்திருக்கும்.
அதற்குத்தான் அந்தப் பெயர் போலும்.
நம்மேல் விழவேண்டிய பார்வையை
நமக்குப் பதிலாய் வாங்கிக்கொள்வது.
அன்று வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.
கறுப்பாய், ஈரமாய், ஒற்றைக் கண்,
அதில் ஓக் மரம் இருந்தது, மரத்தடியும் இருந்தது.

சுட்டேன்.
சுடவில்லை என்று சொன்னால்
கேட்பவர்களுக்கு இதமாய் இருக்கும்.

இருபத்தோரு பவுண்டு. கால்முள் ஒன்றேகால் அங்குலம்.
கார்வின் நாடா வைத்து இரண்டு முறை அளந்தான்.
"நீ ஜெயித்தாய். இந்தச் சாக்கை விற்றுவிடுகிறேன்.
பதினோரு வருஷம், வெல்டா, பதினோரு வருஷம்."

வண்டியின் பின்தட்டில் சேவல்,
அதன் அருகே, மடிக்க மறந்த ரப்பர்ப் பெட்டை,
கண்ணோரம் நேற்றைய வடுவோடு.
மண் சாலை முடிந்து தார் தொடங்குமிடத்தில் சொன்னேன்:

"விற்காதே. அடுத்த வருஷம் ஒன்றாவது வைப்போம்.
தள்ளி, பாதி புல்லுக்குள்."

"ஏன்? அது இல்லாமல்தானே கிடைத்தது?"

வைப்பரைப் போட்டான். மழை இன்னும் வரவில்லை.

"எட்டுக் கஜம், கார்வின்.
அது என்னைப் பார்த்தது."