இணைப்பு: ஓலை நகல் ஒன்று

வியாசர்பாடியிலிருந்து வந்திருக்கிறது மனு.
தேசம்மாள், வயது அறுபத்தொன்று,
தபால் பிரிப்பகத்தில் முப்பது வருடம்
அடுத்தவர் விலாசம் படித்தவர்.
கோட்டைக்குள், நான்காம் மாடியில்,
பதில் எழுத வேண்டியவன் நான்.

ஆளோலையில் பதினோரு வரி.
ஆள் காத்தான் ஒன்று, அவன் பெண்சாதி ஒன்று,
இடுப்பில் பிள்ளை ஒன்று.
விலை ஒன்பது வராகன்.
பிள்ளைக்குத் தனியாக விலை போடவில்லை,
கொசுறு.
கல்லும் காவேரியும் புல்லும் பூமியும் உள்ளமட்டும்
ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவது.

மனுவில் எழுதியிருக்கிறார்:
இந்தக் காத்தான் என் வழியா, தெரியாது.
இல்லை என்றும் எனக்குத் தெரியாது.
பிரித்து அனுப்பியவர்கள் விலாசம் வைக்கவில்லை.
தப்பு என்று அரசாங்கம் ஒரு வரி எழுத வேண்டும்.
பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
முதலில் வரி.

சட்டத்துறை ஓரத்தில் பென்சிலால் குறித்தது:
அப்போது இந்த அரசு இல்லை.

உண்மைதான்.
ஆனால் அப்போது நட்ட எல்லைக்கல் செல்லும்.
அப்போது கொடுத்த பட்டா செல்லும்.
போன மாதம்கூட இதே மேசையில்
கம்பெனி காலத்து அளவை வைத்துத்தான்
ஓர் ஏரிக்கரைத் தகராறை முடித்தோம்.
ஆஸ்தி என்றால் வாரிசு,
பழி என்றால் பக்கத்து வீட்டுக்காரன்.

வார்த்தையும் இடறுகிறது.
மன்னிப்புக் கேட்கிறோம் என்று எழுதினால்
மறுபடி அவர்களிடமே கை நீட்டுகிறோம்.
எல்லாவற்றையும் கேட்காமல் எடுத்துவிட்டு
இதை மட்டும் கேட்டு வாங்குவதா?
பொறுத்தருள்க என்று போட்டுப் பார்த்தேன்.
பொறுத்தது போதாதா அவர்கள்?
அடிக்கப் போனபோது கண்ணில் பட்டது
அதே வேரில் முளைத்த இன்னொரு சொல்,
பொறுப்பு.
எங்கள் பக்கத்தில் கிடந்தது,
இத்தனை காலம் யாரும் எடுக்காமல்.

எங்கள் என்று எழுதும்போது கை நின்றது.
ஓலையின் அடியில் சாட்சி மூன்று பேர்.
இரண்டாமவன் பட்டமும்
என் தாத்தா கல்யாணப் பத்திரிகையில்
போட்டுக்கொண்ட பட்டமும் ஒன்று.
என் வழியா, தெரியாது.
இல்லை என்றும் எனக்குத் தெரியாது.

மூன்று வரி எழுதி மேலே அனுப்பினேன்:
விற்றது தவறு.
விற்றதைப் பதிந்து, கட்டணம் வாங்கி,
செல்லும் என்று முத்திரை குத்தியது அதைவிடத் தவறு.
முத்திரை குத்திய நாற்காலி இது.

கோப்பு நேற்றுத் திரும்பி வந்தது.
மூன்று வரிமேலும் கோடு,
அடிக்கோல் வைத்து, நேராக.
அடிமை என்றிருந்த இடத்தில் மேற்படி நபர்கள்.
தேசம்மாள் பெயருக்கு முன்னால் நான் விட்டுவிட்ட
திருமதியைக் கவனமாகச் சேர்த்திருந்தார்கள்.

ஐந்தே முக்கால். கோட்டை ஸ்டேஷன்.
கடல் காற்றில் டீசல் வாடை.
கைபேசியில் அவர்.
"சார், வரி வந்துச்சா?"
நடப்பில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் தலைக்கு மேல் ஒலிபெருக்கி,
வேளச்சேரி வண்டி, தாமதம்,
பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு
மனமார வருந்துகிறோம்.

"யாரு சார் அது, வருத்தப்படறது?"

ரயில்வேம்மா.
எட்டு நிமிஷம் லேட்டு.
அதுக்கு.