பார்க்கவும்

வூச் நகரத்தில் நவம்பர்.
நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது.
என் அறைக்கு வெளியே பதினோரு நாற்காலிகள்.
உள்ளே வருகிற பெண்கள்
கோட்டைக் கழற்றுவதில்லை.
என்ன செய்கிறது என்றால்
ஒன்றுமில்லை டாக்டர் என்கிறார்கள்,
அந்த ஒன்றுமில்லைக்காக
இரண்டு டிராம் மாறி வந்தவர்கள்.

அப்புறம் கைப்பை திறக்கும்.
ஒரு பழுப்புத் தாள் வெளியே வரும்,
துணி வெட்ட மாதிரி வரைகிற தாள்.
அதில் பென்சிலால்:
வலது. அக்குளுக்குக் கீழே. பார்க்கவும்.
கையெழுத்து கிடையாது.
இந்த இலையுதிர் காலத்தில் ஆறு சீட்டு வந்தது.
நான்கில்
பார்க்கவேண்டியது இருந்தது.

யார் எழுதுவது என்று
பஸ் ஓட்டுகிற மால்வீனாவைக் கேட்டேன்.
கெனோவெஃபாதான், ரொட்டிக்கடைப் பின்முற்றத்தில்
பிரா தைக்கிறாளே.
கணவரிடம் சொன்னீர்களா?
அவருக்கே ரத்தக் கொதிப்பு.
மகளிடம்?
போனில் தேடிப் படித்து
என்னைப் புதைத்துவிட்டுத்தான் தூங்கப் போவாள்.
பாதிரியாரிடம்?
அவர் கண்ணை மூடிவிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும்.
சரி, என்னிடம்?
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
பனி பெய்யவில்லை.
பெய்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறாமைதான், மறைப்பானேன்.
ஒரு வியாழக்கிழமை
தொழிலைச் சொல்லாமல் போய் மணியடித்தேன்.
திரைச்சீலை, ஆளுயரக் கண்ணாடி,
தைத்துக் குவித்த பட்டைகள்.
அவள் தன் இரண்டு கைகளையும்
ரேடியேட்டர் மேல் வைத்துச்
சூடேறும்வரை நின்றாள்.
அந்த நேரத்தில் நான்
ஒரு நோயாளியைப் பார்த்தே அனுப்பியிருப்பேன்.
(என் அறையிலும் ரேடியேட்டர் உண்டு,
கோப்பு அலமாரிக்குப் பின்னால்.)

வாய் நிறையக் குண்டூசி.
அதனால் கேள்வி கேட்க முடியாது,
பயப்படாதீர்கள் என்று சொல்ல முடியாது,
ம்ம் என்று மட்டும்
மூக்கால் சொல்லலாம்.
அளவுநாடா முதுகைச் சுற்றி வந்தது.
எங்கிருந்து தொடங்கினேனோ தெரியாது,
காலையில் இடது கை மரத்துப்போவதை,
கோப்பை நழுவியதை,
வீட்டில் சோப்புக் கை என்று சமாளித்ததை,
மூன்றாம் மாடியில் நரம்பு மருத்துவர் இருந்தும்
லிஃப்டில் அவரைக் கண்டால்
கையைப் பைக்குள் விட்டுக்கொள்வதை
ஒரு தையற்காரியின் உச்சி வகிட்டைப் பார்த்துச்
சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாய் எடுத்து
மணிக்கட்டுப் பஞ்சில் குத்தினாள்.
பழுப்புத் தாளில் ஓரம் கிழித்தாள்.
பென்சிலை நாக்கில் தொட்டாள்.

இடது கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும். பார்க்கவும்.

பிரா புதன்கிழமை ரெடியாகிவிடும், என்றாள்.
முன்பணம் வேண்டாம்.
எந்த டாக்டரிடம் போவீர்கள்?
நம் பாலிகிளினிக்கில் ஒரு பெண் இருக்கிறாளாம்,
கை மட்டும் கொஞ்சம் சில்லென்றிருக்குமாம்,
நல்லவளாம்.

திங்கட்கிழமை
மூன்றாம் மாடியின் வராந்தாவில்
உட்கார்ந்திருக்கிறேன்.
கோட்டைக் கழற்றவில்லை.