மனுவின் பின்பக்கம்

லெந்து நாட்களில் பலிபீடத்துக்குப்
பச்சைத் துணி விரிக்கலாமா?
ஆயருக்கு எதிராக மூன்று பக்கம் எழுதி
சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தேன்.
இரண்டு ராத்திரி தூக்கமில்லை.
கர்த்தருக்கான வைராக்கியம் என்றுதான்
அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

வெண்ணாற்றங்கரைக் கொள்முதல் நிலையத்தில்
எட்டாம் நாளாக நெல் கிடந்தது.
மாசியில் வரக்கூடாத மழை.
தார்ப்பாய் ஓரம் முளைவிட்ட குவியல்
வைரக்கண்ணுவுடையது.
அடுத்தது ஞானாபரணத்துடையது.
அதற்கும் அடுத்தது என்னுடையது.

"ஏ வேதக்காரி, வரிசை தெரியாதா?"
என்றான் எடை போடுகிறவன்.
அவள் முந்தவேயில்லை.
முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு
ஓரடி பின்னால் போய் நின்றாள்.
கோயிலிலும் இப்படித்தான்.
அவள் வைத்த பூவை யாராவது எடுத்து
ஜன்னலில் வைத்துவிடுவார்கள்;
அடுத்த ஞாயிறும் பூவோடு வருவாள்.
வாயில்லாப் பூச்சி என்போம்.

வைரக்கண்ணுவின் சிப்பம் தராசில் ஏறியது.
சிவப்பில் எரிந்தது நாற்பத்திரண்டு.
நோட்டில் விழுந்தது நாற்பது.
மூட்டைக்கு இவ்வளவு என்று
விரலும் காட்டினான்.
வைரக்கண்ணு மடியை அவிழ்த்தான்.
நான் வானத்தைப் பார்த்தேன்,
மழை வருமா என்று.

அப்போதுதான் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.
"இறக்காதீங்க. தெரியிற எடைய எழுதுங்க."
குரல் உயரவில்லை.
கூச்சல் அவர்களுடையது.
உன் நெல்லை ஆற்றில் கொட்டுவோம் என்றான் ஒருவன்.
அதற்கு அவளிடம் பதிலில்லை.
"நாப்பத்திரண்டுங்க" என்றாள் மறுபடி.
மதகுப் பலகைக்குப் பின்னால்
சத்தமில்லாமல் முழு ஆறும் நிற்குமே,
அப்படி நின்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி,
"அண்ணே, எழுதத் தாள் இருக்கா?"

இருந்தது அது ஒன்றுதான்.
கொடுத்தேன். முன்பக்கத்தை அவள் படிக்கவில்லை.
வைரக்கண்ணுவின் முதுகில் வைத்து
தேதி, சிப்பம், எடை
என்று கொட்டை கொட்டையாக எழுதினாள்.
கீழே ஒரு கோடு.
கோட்டுக்குப் பக்கத்தில் 'சாட்சி'.
பேனாவை நீட்டினாள்.

எடைக்காரன் என்னையே பார்த்தான்.
மூன்றாவது குவியல் யாருடையதென்று
அவனுக்குத் தெரியும்.
தூறலில் தாள் நனைந்து
பலிபீடமும் பச்சையும் ஆயரும்
இந்தப் பக்கம் கசிந்து தெரிந்தார்கள்,
தலைகீழாக.

அவற்றின்மேல் கையெழுத்துப் போட்டேன்.
இத்தனை கோணலாக
என் பெயரை நான் எழுதியதில்லை.