இரண்டே முக்கால் கிலோ

பினாங்குத் தெருவில் மழை. கடைக்குள் எண்ணெய் வாடை.
கம்பிக் கதவுக்குப் பின்னால் ஊய் கெங்
ரவைத்துப்பாக்கி மூன்றைத் துணிமேல் கிடத்தினான்.

முதலாவது என் தோளுக்கு வருமுன்
பறவை கெடாவுக்குப் போய்விடும்.
இரண்டாவது அழகு; விலையும் அப்படியே.
மூன்றாவது இருபது கேஜ், ஒல்லி,
எடுத்தது தெரியாமல்
கன்னத்தில் வந்து ஒட்டியது.

"லேசானதுதான் ஓங்கி உதைக்கும், பொன்மலர்.
குருவி திரும்புறப்ப கையும் பாதியில நின்னுரும்."

தெரியும்.
பெனாகா வயலில், முழங்கால் சேற்றில்,
விடிந்ததிலிருந்து பத்து மணிவரை
சுமப்பதுதான் வேட்டை.
சுடுவது இரண்டு விநாடி.
உள்ளான் காலடியில் கிளம்பி
இடம், வலம், மறுபடி இடமென
ஒடிந்து ஒடிந்து பறக்கும்.
பெரும்பாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

உரிமத்தை நீட்டக் கை தூக்கினேன்.
போன வருஷம் பாலத்தில் மோட்டார் சறுக்கி
முறிந்த தோளெலும்பு
உள்ளே தகட்டோடு முனகியது.

ஊய் கெங் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.
மேசைக்கடியில் துழாவி
ரப்பர் திண்டு ஒன்றை எடுத்து
அடிக்கட்டையில் மாட்டினான்.
"இதுக்குக் காசு வேணாம்."

மறுபடி தூக்கிப் பார்த்தேன்.
இப்போது நூறு கிராம் கூட.