ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு

பதிமூன்று வயதில் நாங்கள் ஒரே உயரம்.
பனெவெஜிஸில், பள்ளிக்கூடச் சுவரில்
உடற்பயிற்சி ஆசிரியர் பென்சிலால் கிழித்த கோடு
இரண்டு பேருக்கும் ஒன்றே போதுமாயிருந்தது.
அந்தக் குளிர்காலம் நெவெஜிஸ் ஆறு உறைந்து கிடந்தது.
அது உருகி ஓடத் தொடங்கியபோது
ஆவ்ரிமாஸ் பதினோரு சென்டிமீட்டர் மேலே போயிருந்தான்.
நான் கரையிலேயே நின்றுவிட்டேன்.

வளர்வதும் வலிக்கும் என்று
யாரும் அவனுக்குச் சொல்லிவைக்கவில்லை.
முழங்காலுக்குக் கீழே எலும்பு
இராமுழுக்கக் கதவைத் தட்டும்.
கட்டில் பற்றாமல் அவன் அம்மா
கால்மாட்டில் ஸ்டூல் போட்டுத் தலையணை வைப்பாள்.
ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால்
பாதங்கள் ஸ்டூலையும் தாண்டியிருக்கும்.

பதினாறில், கௌனாஸிலிருந்து ஒருவர் வந்தார்.
கைகளை விரிக்கச் சொல்லி
சந்தையில் துணி அளப்பதுபோல் அளந்தார்.
என் பக்கம் திரும்பிப் பேர் கேட்டார்.
சொன்னேன்.
எழுதிக்கொள்ளவில்லை.

விடுதியிலிருந்து முதல் வாரம் போன் செய்தான்:
"இங்கே எல்லாருமே உயரம்டா."
பிறகு இரண்டு மாதம் சத்தமே இல்லை.
அடுத்த வருஷம் கணுக்கால் முறிந்தது.
நாற்காலியில் உட்கார்ந்தபடி
இடது கையால் மட்டும் எறிந்துகொண்டிருந்தானாம்,
நாளைக்கு நானூறு.
பந்தைப் பொறுக்கித் தர ஆளில்லாமல்
சுவரோரம் எறிந்தால் தானே திரும்பும்
ஒரு மூலையைக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

ஒப்பந்தம் நான்கு பக்கம்.
பேனா எழுதவில்லை, உதறி உதறி
கையெழுத்தின் பாதி வெளிறியே விழுந்தது.
அப்பா ஹனோவர் பக்கத்தில்
லாரிகள் நிறுத்துமிடத்தில் இருந்தார்.
போட்டோ வந்ததும்
அடுத்த லாரிக்காரனின் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.
அவன் போலந்துக்காரன்; தூக்கம் கலைந்த எரிச்சலிலும்
கட்டைவிரலை உயர்த்தினான்.

நானும் அதே கௌனாஸில்தான்.
பகலில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பு.
மாலையில் அரங்கத்தில்,
கூடைக்குக் கீழே சின்ன நாற்காலி,
கையில் துடைப்பம்.
வீரர்கள் விழுந்த இடத்து வியர்வையை
அடுத்த விசிலுக்குள் துடைக்க வேண்டும்.
மணிக்கு ஏழு யூரோ.

துருக்கி அணியோடு ஆட்டம்.
இருபத்து மூன்று புள்ளி பின்னால் இருந்தோம்,
பாதிக் கூட்டம் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தது.
பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமலே
ஒரு விரலைச் சொடுக்கினார்.
ஆவ்ரிமாஸ் எழுந்தான்.
மேல்கால்சட்டையின் பக்கவாட்டுப் பொத்தான்கள்
ஒரு இழுப்பில் திறக்க வேண்டியவை;
முழங்காலருகே ஒன்று மாட்டிக்கொண்டது.
இழுக்கிறான், வரவில்லை.
முதல் வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது.
ஆறு வருஷம் காத்த ஒரு ஆள்
ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டி நிற்பதை
மூவாயிரம் பேர் பார்த்தோம்.
கிழித்துக்கொண்டுதான் உள்ளே போனான்.

மறுநாள் பத்திரிகையில் அவன் பெயருக்கு எதிரே
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்,
தவறுகள் என்ற பத்தியில் மட்டும் ஒன்று.
அந்த ஒன்று எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.
தன்னைவிட முப்பது கிலோ கூடுதலான ஒருவனின் வழியில்
போய் நின்றான்.
மரம் விழுவது மாதிரி இல்லை அது;
மேலிருந்து யாரோ மடக்குக் கத்தியை மடக்கினாற்போல்
மூட்டு மூட்டாகக் கீழே வந்தான்,
சரியாக என் கூடைக்கடியில்.

ஓடினேன்.
தரையில் அவன் முதுகின் வடிவம் ஈரமாயிருந்தது,
தோள் முதல் இடுப்பு வரை.
அவன் எழுந்து அதன்மேலேயே நின்றான்,
மூச்சு வாங்க, எங்கோ பார்த்துக்கொண்டு.
என்னைத் தெரிந்ததா, தெரியவில்லையா.
"காலைத் தூக்கு" என்றேன்.
அந்தக் குரலுக்குக் குனிந்து பார்த்தான்.
வாய் ஏதோ சொல்லப் போனது.
காலைத் தூக்கினான்,
முதலில் வலது, பிறகு இடது,
கொக்குப்போல ஒற்றைக் காலில்
என் தோளைப் பிடித்துக்கொண்டு.

துடைத்தேன்.
நடுவர் விசில் ஊதினார்.
நான் விலகினேன்.